வரிப்புலியும் ‘அஸதுல்லாஹில் காலிப்’பும்: திப்புவின் படைச் சின்னம் சொல்வது என்ன?

திண்டுக்கல் நகரின் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் மலைக்கோட்டை கண்ணில் படும். 1605ஆம் ஆண்டு மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் காலத்தில் எழும்பத் தொடங்கிய அந்தக் கோட்டையின் மேல் எத்தனையோ கொடிகள் ஏறி இறங்கியிருக்கின்றன. நாயக்கர் கொடி, மைசூர் கொடி, ஹைதர் அலியின் கொடி, திப்பு சுல்தானின் கொடி, மூலையில் பிரித்தானியக் கொடியும் மற்ற இடமெல்லாம் சிவப்பு வெள்ளைக் கோடுகளும் கொண்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. இவற்றுள் இன்றும் பேசப்படுவதும், பேசப்படும்போதெல்லாம் சர்ச்சைக்குள்ளாவதும் திப்புவின் புலிச் சின்னம்தான்.

ஒரு தரப்பினர் அந்தச் சின்னத்தில் உள்ள அரபு எழுத்துகளைக் காட்டி, ‘பார்த்தீர்களா, இது மதப்போரின் அடையாளம்’ என்கின்றனர். இன்னொரு பக்கம் நம் இளைஞர்கள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதே தெரியாமல், புலித் தலையையும் வாளையும் ஃப்ளெக்ஸ் பேனர்களில் அச்சிட்டு மகிழ்கின்றனர். இரு தரப்பாருமே அந்தச் சின்னத்தைப் படிக்கவில்லை. படித்துப் பார்த்தால் அது சொல்லும் செய்தி வேறு. அதைத்தான் இக்கட்டுரையில் ஒவ்வொன்றாகப் பார்க்கவிருக்கிறோம்.

இலச்சினை என்றால் என்ன?

படைக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்பது அலங்காரத்துக்காக வந்த வழக்கமல்ல. புழுதி பறக்கும் போர்க்களத்தில் தன் ஆள் யார், எதிரி யார் என்று தெரிய வேண்டும். தளபதி எங்கே நிற்கிறார் என்பது தொலைவிலிருந்தே தெரிய வேண்டும். சிதறிப்போன வீரர்கள் வந்து சேர ஓர் இடம் வேண்டும். இந்த மூன்று தேவைகளிலிருந்துதான் கொடியும் சின்னமும் சீருடையும் பிறந்தன.

நம் தமிழ் மண்ணில் இது மிகப் பழைய வழக்கம். சேரருக்கு வில், சோழருக்குப் புலி, பாண்டியருக்கு மீன் என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். விஜயநகரப் பேரரசுக்குப் பன்றி முத்திரை. மைசூர் உடையார்களுக்கு இரண்டு தலைகொண்ட கண்டபேரண்டப் பறவை. அந்தப் பறவைதான் இன்று கர்நாடக அரசின் சின்னத்திலும் இடம்பெற்றிருக்கிறது.

இஸ்லாமிய வரலாற்றிலும் கொடிக்குத் தனி இடம் உண்டு. அரபியில் ‘லிவா’ என்றும் ‘ராயா’ என்றும் இரண்டு சொற்கள் உள்ளன. நபி (ஸல்) அவர்களின் ராயா கறுப்பு நிறத்திலும் லிவா வெண்மையாகவும் இருந்ததாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு நடந்த மூத்தா போரில் ஜைது பின் ஹாரிஸா (ரலி), ஜஅஃபர் பின் அபீதாலிப் (ரலி), அப்துல்லாஹ் பின் ரவாஹா (ரலி) ஆகிய மூவரும் ஒருவர் பின் ஒருவராகக் கொடியை ஏந்தி ஷஹீதானார்கள். அதன்பின் காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் அதை ஏந்தினார்கள். கைகள் வெட்டப்பட்ட பிறகும் ஜஅஃபர் (ரலி) அவர்கள் கொடியைக் கீழே விடவில்லை என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. கொடி விழுந்தால் படை கலைந்துவிடும் என்பதே அதற்குக் காரணம். துணியின் மீது கொண்ட பக்தியாக அதைப் புரிந்துகொள்ளக் கூடாது.

இங்கே இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும். இன்றைய அரபியில் சின்னத்துக்கு ‘ஷிஆர்’ என்பார்கள். ஆனால் அன்று போர்க்களத்தில் ‘ஷிஆர்’ என்பது ஓர் அழைப்புச் சொல். இருட்டில் முகம் தெரியாதபோது அந்தச் சொல்லைச் சொன்னால் ‘இவர் நம்மவர்’ என்று தெரிந்துகொள்வார்கள். காதால் கேட்ட அடையாளத்தின் பெயரே பிற்காலத்தில் கண்ணால் காணும் அடையாளத்துக்கும் வந்து சேர்ந்தது.

மம்லூக்குகள் வளர்த்த கலை

முஸ்லிம் ஆட்சியாளர்களில் படைச் சின்னத்தை ஒரு முறையான கலையாகவே வளர்த்தவர்கள் எகிப்தையும் ஷாமையும் ஆண்ட மம்லூக்குகள். அவர்கள் சின்னத்தை ‘ரன்க்’ என்று அழைத்தார்கள். ‘நிறம்’ என்று பொருள்படும் ‘ரங்’ என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது அது. சுல்தானின் வாளைச் சுமக்கும் அதிகாரிக்கு வாள், பானம் பரிமாறும் அதிகாரிக்குக் கிண்ணம், எழுத்து அலுவலைப் பார்ப்பவருக்கு எழுதுகோல் பெட்டி, போலோ விளையாட்டுக்குப் பொறுப்பானவருக்கு வளைந்த மட்டைகள் என ஒவ்வொருவரின் பணியும் அவரது சின்னமாயிற்று. பணியில் உயர்ந்த பிறகும் அந்தப் பழைய சின்னத்தைப் பெருமையோடு வைத்துக்கொண்டார்கள்.

அவர்களில் சுல்தான் பைபர்ஸ் (ஆட்சி 1260–1277) தனக்கெனச் சிறுத்தை போன்ற ஒரு விலங்கைச் சின்னமாகக் கொண்டார். துருக்கி மொழியில் ‘பர்ஸ்’ என்றால் சிறுத்தை வகை விலங்கு. அவர் பெயரே சின்னமாகிவிட்டது. ஃபலஸ்தீனின் லுத் நகருக்கு அருகே அவர் கட்டிய பாலத்தில் இன்றும் அந்த விலங்கின் உருவத்தைக் காணலாம். ஐந்து நூற்றாண்டு கழித்துத் தென்னிந்தியாவில் திப்பு செய்ததும் ஏறக்குறைய இதுவே.

ஸ்பெயினில் கிரனடாவை ஆண்ட நஸ்ரு வம்சத்தார் விலங்கைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு கேடயம், அதன் குறுக்கே சாய்வாக ஒரு பட்டை, பட்டையில் ‘அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளன் இல்லை’ என்று பொருள்படும் அரபு வாசகம். இதுவே அவர்களின் சின்னம். கேடயத்தில் சாய்வுப் பட்டை போடும் வழக்கம் அண்டையிலிருந்த கிறித்தவ காஸ்டில் அரசிடமிருந்து வந்தது; வாசகம் அவர்களுடையது. எதிரியோடு போரும் உறவுமாக வாழ்ந்த ஓர் அரசு, எதிரியின் வடிவத்தை எடுத்துத் தன் சொல்லை அதில் எழுதிக்கொண்டது. ‘காலிப்’ என்ற சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திப்புவின் சின்னத்திலும் அதே சொல் வருகிறது.

திண்டுக்கல்லில் தொடங்கிய கதை

மைசூர் அரசின் படை அதிகாரியாக இருந்த ஹைதர் அலி, 1755இல் திண்டுக்கல்லின் ஃபவ்ஜ்தாராக, அதாவது படைப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார். பாளையக்காரர்களை அடக்குவதற்காக அனுப்பப்பட்டவர் இங்கே பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு பீரங்கிப் பட்டறையையும் ஆயுதக் கிடங்கையும் அமைத்துத் தனக்கென ஒரு படையைத் திரட்டினார். அவர் மைசூரின் ஆட்சியாளராக உயர்ந்ததற்கு முதல் படிக்கட்டு நம் திண்டுக்கல்தான் என்றால் அது மிகையாகாது. பேகம்பூர் என்ற பெயர் ஹைதரின் சகோதரி அமீருன்னிஸா பேகத்தின் நினைவாக வந்தது என்று ஊரார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். 1772இல் காளையார்கோவில் போரில் கணவரை இழந்த வேலு நாச்சியார், திண்டுக்கல் சீமையின் விருப்பாட்சியில் கோபால் நாயக்கரின் பாதுகாப்பில் தங்கி, ஹைதரின் படை உதவியைப் பெற்று 1780இல் சிவகங்கையை மீட்ட வரலாறும் இந்த மண்ணுக்கு உரியது.

1767இல் கம்பெனிப் படை கோட்டையைப் பிடித்தது. மறு ஆண்டே ஹைதர் மீட்டார். 1783இல் மீண்டும் கம்பெனி பிடித்தது. 1784ஆம் ஆண்டு மங்களூர் உடன்படிக்கையின்படி திப்புவிடம் திரும்ப வந்தது. 1790 ஆகஸ்டில் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தலைமையிலான படையிடம் வீழ்ந்தது. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு திண்டுக்கல் முற்றிலுமாகக் கம்பெனியின் கைக்குப் போனது. ஆக, 1784 முதல் 1790 வரை இந்த மலையைக் காத்தது திப்புவின் படை. அந்தப் படையின் அடையாளம்தான் ‘பப்ரி’.

பப்ரி எனும் புலிவரி

பாரசீகத்தில் ‘பப்ர்’ என்றால் புலி. ‘பப்ரி’ என்றால் புலிவரி. திப்புவின் முறைப்படையான காலாட்படையினர் ஊதா நிறத் துணியில் வெள்ளைப் புள்ளிகள் பரவிய மேற்சட்டை அணிந்தனர். அவர்களோடு போரிட்ட ஆங்கிலேய அதிகாரிகள் அதைப் ‘புலிச் சட்டை’ என்றே எழுதிவைத்திருக்கின்றனர். புள்ளி என்று சொன்னாலும் அது வட்டப் பொட்டு அல்ல. புலியின் உடலில் உள்ள வரியைச் சுருக்கி வரைந்த நீள்வடிவம்.

அந்த வரி சட்டையோடு நிற்கவில்லை. வாளின் கைப்பிடி, துப்பாக்கி, பீரங்கி என எங்கும் அது பரவியது. பீரங்கிகளின் வாய் புலியின் வாயாகவே வார்க்கப்பட்டது. அரியணையைச் சுற்றிப் பொன் தகடு போர்த்திய புலித் தலைகள் இருந்தன. அவற்றில் ஒன்று இன்று பிரிட்டனின் பௌயிஸ் கோட்டையில் இருக்கிறது. அரியணையின் மேல் இருந்த ஹுமா பறவை இங்கிலாந்து அரச குடும்பத்தின் சேகரிப்பில் உள்ளது. ஐரோப்பியன் ஒருவனைப் புலி கடித்துக் குதறுவது போன்ற மரப் பொறியை இலண்டன் விக்டோரியா – ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கின்றனர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதரும் திப்புவும் அடங்கியிருக்கும் கும்பஸின் உட்சுவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கேயும் அதே புலிவரிதான் தீட்டப்பட்டிருக்கிறது.

இன்றைய நிறுவனங்கள் தங்கள் முத்திரையை ஒரே வடிவில் எல்லாப் பொருளிலும் பதிப்பதைப் பார்க்கிறோம். 18ஆம் நூற்றாண்டிலேயே ஓர் அரசு சிப்பாயின் சட்டையிலிருந்து அரியணை வரை ஒரே அடையாளத்தை ஓடவிட்டது. அந்தச் சட்டையை அணிந்த சிப்பாய், தான் ஏதோ ஒரு பாளையத்தின் ஆள் என்று எண்ணாமல் ஓர் அரசின் படைவீரன் என்று எண்ண வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்தப் படையில் முஸ்லிம்களும் இந்துக்களும் இருந்தனர். திவானாகவும் படைத் தளபதியாகவும் பணியாற்றிய பூர்ணய்யா ஒரு பிராமணர் என்பதை மறந்துவிடலாகாது.

எழுத்தே புலி முகமான அதிசயம்

இனி அந்த அரபு வாசகத்துக்கு வருவோம். திப்புவின் ஆயுதங்கள் பலவற்றில் ஒரு புலி முகம் காணப்படும். உற்றுப் பார்த்தால் அது வரைந்த முகம் அல்ல. எழுத்துகளை வலமும் இடமும் கண்ணாடியில் பார்ப்பது போல எதிரெதிராக அமைத்து, கண்ணும் நெற்றியும் வாயும் தெரியும்படி எழுதிய வாசகம் அது. வாசகம்: ‘அஸதுல்லாஹில் காலிப்’.

‘அஸதுல்லாஹ்’ என்றால் அல்லாஹ்வின் சிங்கம். இது ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களின் சிறப்புப் பெயர். நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களுக்கும் இச்சிறப்பு உண்டு. ‘ஹைதர்’ என்றாலும் சிங்கம்தான். அலீ (ரலி) அவர்களுக்கு அவர்களின் தாயார் இட்ட பெயர் அது என்பர். ஹைதர் அலி என்ற தந்தையின் பெயரில் இரண்டு சொற்களும் ஒரே ஆளுமையைக் குறிக்கின்றன. எனவே இந்தச் சின்னம் முதலில் சொல்வது ‘நான் ஹைதரின் மகன்’ என்பதை. பைபர்ஸின் பெயர் அவரது சின்னமானது போல, இங்கே தந்தையின் பெயர் மகனின் சின்னமாயிற்று.

அரபு இலக்கணம் படித்தவர்கள் இந்த வாசகத்தில் இன்னொரு நயத்தையும் காண்பார்கள். உயிர்க்குறிகள் இல்லாமல் எழுதும்போது இதை மூன்று விதமாக வாசிக்கலாம். ‘காலிப்’ என்பதை அஸதுக்கு அடைமொழியாகக் கொண்டால் ‘அல்லாஹ்வின் வெற்றிச் சிங்கம்’ என்று பொருள். அதையே பயனிலையாகக் கொண்டால் ‘அல்லாஹ்வின் சிங்கமே வெல்பவர்’ என்று வரும். ஜர்ரு செய்து அல்லாஹ்வின் திருநாமத்தோடு சேர்த்தால் ‘வெற்றியாளனான அல்லாஹ்வின் சிங்கம்’ என்றாகும். மூன்றாவது வாசிப்பில் வெற்றி அரசனுக்கு உரியதல்ல, அல்லாஹ்வுக்கு உரியது. அல்லாஹ் தன் காரியத்தில் வெற்றியாளன் என்று சூரா யூசுஃபில் வரும் கருத்தும், கிரனடாவின் கேடயத்தில் நாம் பார்த்த வாசகமும் இதையே சொல்கின்றன.

‘எழுதியிருப்பது சிங்கம், வரைந்திருப்பது புலியாயிற்றே’ என்று கேட்கலாம். இந்தியாவில் பேசப்பட்ட பாரசீகத்திலும் உருதுவிலும் ‘ஷேர்’ என்ற ஒரே சொல் சிங்கத்துக்கும் புலிக்கும் வழங்கியது. அரபுச் சொல்லில் சிங்கமாக இருந்தது, மைசூர்க் காட்டுக்கு வந்தபோது இங்கே மக்கள் கண்ணால் கண்டு அஞ்சிய புலியாக மாறியது. புலி இந்த மண்ணில் அம்மனின் வாகனமாகவும் அரச வீரத்தின் அடையாளமாகவும் மதிக்கப்பட்ட விலங்கு. சூஃபி பெரியார்கள் புலியின் மேல் ஏறி வந்த கதைகளும் தக்காணமெங்கும் உண்டு. திப்புவின் புலி, இந்துக்கள் சக்தி என்று அறிந்ததையும் முஸ்லிம்கள் பரக்கத் என்று அறிந்ததையும் ஒருசேரத் தாங்கியது என்று ஆய்வாளர் கேட் பிரிட்டில்பேங்க் 1995இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கியிருக்கிறார். அரபு தெரிந்தவர் வாசகத்தைப் படித்தார். தெரியாதவர் புலியைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது.

நாணயத்திலும் இதே போக்கைக் காண்கிறோம். ஹைதர் அலி வெளியிட்ட பொன் வராகனின் ஒரு பக்கம் சிவன் – பார்வதி உருவம். மறுபக்கம் தன் பெயரின் முதல் எழுத்தான ‘ஹா’. நாட்டில் ஏற்கெனவே மக்கள் நம்பி வாங்கிய நாணயத்தின் வடிவத்தை அவர் கலைக்கவில்லை. திப்புவின் பொன், வெள்ளி நாணயங்களில் உருவங்கள் இல்லை, எழுத்துகளே உண்டு. ஆனால் ஏழைகளின் கையில் புழங்கிய செப்புக் காசில் யானை உருவத்தைப் பொறித்தார்.

நேர்மையாக ஒன்றையும் சொல்ல வேண்டும். திப்புவின் அரசில் மார்க்கச் சொற்கள் இல்லாமல் இல்லை. தன் அரசை ‘குதாதாத்’, அதாவது இறைவன் தந்தது என்றே அழைத்தார். படைக்கான விதிநூலுக்கு ‘ஃபத்ஹுல் முஜாஹிதீன்’ என்று பெயர் வழங்கியது. இதை மறைத்துவிட்டு அவரை இன்றைய அளவுகோலுக்குத் தக்கபடி வெட்டி ஒட்ட வேண்டியதில்லை. அதே வேளையில், மார்க்கச் சொல் இருக்கிறது என்பதாலேயே அந்தச் சின்னம் பிற சமயத்தார் மீதான போர் அறிவிப்பு ஆகிவிடாது. அந்தப் புலி யாரைப் பார்த்து உறுமியது என்பதை அதன் எதிரியே எழுதிவைத்துவிட்டான்.

எதிரி செய்த பதக்கம்

1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் களத்திலேயே உயிர் நீத்தார். அந்த வெற்றிக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு பதக்கம் செய்தது. குக்லர் என்ற கலைஞர் வடிவமைத்து, பர்மிங்காமில் மேத்யூ போல்டனின் நாணயச் சாலையில் அச்சிட்ட அப்பதக்கம் 1808இல் படையினருக்கு வழங்கப்பட்டது. உயர் தளபதிகளுக்குத் தங்கம், அடுத்த நிலைகளில் வெள்ளியும் வெண்கலமும், சாதாரணச் சிப்பாய்களுக்கு வெள்ளீயம் என்று தகுதிக்குத் தக்க உலோகம்.

பதக்கத்தின் ஒரு பக்கத்தில் பிரிட்டனின் சிங்கம் ஒரு புலியைக் கீழே சாய்த்து மிதிக்கிறது. மேலே ஒரு கொடி. அந்தக் கொடியில் அரபு எழுத்தில் இருப்பது எது தெரியுமா? அதே ‘அஸதுல்லாஹில் காலிப்’! திப்பு தன் புலிக்குச் சொன்ன வாசகத்தை அவரை வென்றவர்கள் தங்கள் சிங்கத்துக்குச் சூட்டிக்கொண்டார்கள். அரபு எழுத்தைக் கண்டதுமே அது மதவெறி என்று முடிவு கட்டுவோருக்கு இப்பதக்கம் ஒரு பதில். கம்பெனிக்கு அந்த வாசகம் மார்க்கமாகத் தெரியவில்லை, அரசுரிமையாகத் தெரிந்தது. ஆகவே நாட்டோடு சேர்த்து வாசகத்தையும் எடுத்துக்கொண்டது. மறுபக்கத்தில் கோட்டை தாக்கப்படும் காட்சியும் கீழே பாரசீக வாசகமும் உள்ளன.

வெள்ளீயப் பதக்கம் வாங்கிய சிப்பாய்களில் பலர் சென்னைப் படையைச் சேர்ந்த தமிழ், தெலுங்கு மண்ணின் மக்கள். அவர்களில் முஸ்லிம்களும் இருந்தனர். திப்பு ஒரு பக்கம், முஸ்லிம் சிப்பாய்கள் இன்னொரு பக்கம் என்ற உண்மையும் இந்தப் பதக்கத்துக்குள் அடங்கியிருக்கிறது. வரலாறு நாம் விரும்பும்படி இரண்டு வரிசையாக நிற்பதில்லை.

தலைப்பாகைக்காக எழுந்த புரட்சி

படைச் சின்னம் வெறும் துணி விவகாரம் என்று எண்ணிய கம்பெனி அதிகாரிகளுக்கு 1806இல் வேலூர் பாடம் கற்பித்தது. சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் காலத்தில் சிப்பாய்களுக்குத் தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை வந்தது. பார்வைக்கு அது ஐரோப்பியரின் தொப்பி போல இருந்தது. நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது என்றும் ஆணை வந்தது. இந்துச் சிப்பாயின் நெற்றியையும் முஸ்லிம் சிப்பாயின் தாடையையும் ஒரே ஆணை தொட்டது. 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் வேலூர்க் கோட்டையில் இரு சாராரும் சேர்ந்து எழுந்தனர். திப்புவின் பிள்ளைகள் அங்கேதான் சிறை வைக்கப்பட்டிருந்தனர். கோட்டையின் மேல் திப்புவின் கொடி ஏறியது.

ஆற்காட்டிலிருந்து கர்னல் கில்லெஸ்பி குதிரைப் படையுடன் விரைந்து வந்து அன்றே கோட்டையை மீட்டார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். அந்தப் பட்டாலியன்கள் கலைக்கப்பட்டன. ஆனால் தலைப்பாகை ஆணையும் திரும்பப் பெறப்பட்டது. ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். ஒரு மனிதனின் உடலில் எந்த அடையாளம் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்விக்கு அவர்கள் உயிரைக் கொடுத்துப் பதில் சொன்னார்கள்.

யானைச் சின்னம்

கில்லெஸ்பி அழைத்து வந்தது 19ஆவது இலகு குதிரைப்படை. 1803 செப்டம்பர் 23 அன்று அசாயே என்ற இடத்தில் மராத்தியரை ஆர்தர் வெல்லெஸ்லி வென்றபோது களத்தில் நின்ற படை அது. அந்த வெற்றிக்காகப் போரில் பங்கேற்ற படைகளுக்கு யானைச் சின்னம் அளிக்கப்பட்டது. சென்னைப் படையின் பட்டாலியன்களும் அதைப் பெற்றன.

அந்த யானையே இன்று நம் இந்திய இராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமெண்ட் சின்னத்தில் நிற்கிறது. குறுக்காக வைத்த இரண்டு வாள்கள், அவற்றின் மேல் கேடயம், கேடயத்தில் யானை. தன் கடமையில் உயிர் துறப்பதே மேன்மை என்று பொருள்படும் வடமொழி வாசகம் அதன் முழக்கம். நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் அதன் பயிற்சி மையம் உள்ளது. 1758இல் தொடங்கும் வரலாறு கொண்ட அந்தப் படைப்பிரிவில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அதே யானையைத் தாங்கி நிற்கின்றனர்.

அன்று அந்த யானை அந்நியக் கம்பெனியின் வெற்றிக்கு அடையாளம். தோற்றவர்கள் நம் நாட்டு மராத்தியர். 1950இல் குடியரசானபோது படைச் சின்னங்களில் இருந்த அரச கிரீடம் நீங்கி, சாரநாத்தின் அசோகச் சிங்கங்கள் வந்தன. யானை அப்படியே இருந்தது. திருவிதாங்கூர், மைசூர் சமஸ்தானங்களின் படைகளும் சுதந்திரத்துக்குப் பிறகு இந்த ரெஜிமெண்டில் இணைந்தன. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களை வென்ற திருவிதாங்கூர் படையின் பெருமையும் இப்போது இந்த யானையின் கீழ்தான் வருகிறது. ஒரு சின்னத்தின் பொருள் அது பிறந்த நாளோடு முடிந்துவிடுவதில்லை. அதைத் தாங்கி நிற்பவர்கள் அதற்குப் புதுப் பொருள் தருகிறார்கள்.

உருவம் பற்றிய மார்க்கக் கேள்வி

யானையும் புலியும் உள்ள சின்னத்தை முஸ்லிம் வீரர் அணியலாமா என்று சிலர் கேட்பதுண்டு. உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவதை நம் இமாம்களில் பெரும்பாலோர் தடுத்திருக்கிறார்கள். கண்ணியப்படுத்தித் தொங்கவிடும் உருவத்துக்கும், சிறிதாகவும் புழக்கத்துக்காகவும் உள்ள உருவத்துக்கும் இடையே வேறுபாட்டையும் அவர்கள் பேசியிருக்கிறார்கள். நாணயத்தில் உள்ள உருவத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாம் தொழுவது இந்த வகையைச் சேர்ந்தது. பணிக்குரிய சீருடையின் சின்னத்தையும் அவ்வாறே காணும் ஆலிம்கள் உண்டு. இக்கட்டுரை ஃபத்வா அல்ல. ஐயமுள்ளோர் தம் ஊர் ஆலிம்களிடம் நேரில் கேட்டுக்கொள்ளவும். எழுத்தாலேயே புலியை உருவாக்கிய திப்புவின் கலைஞர்கள் இந்தக் கேள்வியை நன்கு அறிந்தவர்கள் என்றே தோன்றுகிறது.

சின்னத்தைப் படிக்கும் முறை

எந்தச் சின்னத்தைக் கண்டாலும் நான்கு கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். இதைச் செய்தவர் யார்? எந்தக் காலத்தில், எந்த நெருக்கடியில் செய்தார்? யாருடைய கண்ணில் படுவதற்காகச் செய்தார்? இன்று இதைத் தாங்கி நிற்பவர் யார்? இந்த நான்குக்கும் விடை தெரியாமல் ஒரு சின்னத்தைத் தூக்கிப் பிடிப்பதும் தவறு, தூற்றுவதும் தவறு.

திப்புவின் புலியை இந்த நான்கு கேள்விகளோடு பார்த்தால், தந்தையின் பெயரைச் சுமந்த ஒரு மகனையும், பல சமயத்து வீரர்களை ஒரே சட்டைக்குள் கொண்டுவர முயன்ற ஓர் அரசையும், வெற்றி அல்லாஹ்வுக்கே உரியது என்று வாசிக்க இடம் தரும் ஒரு வாசகத்தையும், கடல் தாண்டி வந்த ஒரு கம்பெனியை நோக்கிய உறுமலையும் காண்போம்.

எனவே பிள்ளைகள் புலிப் படத்தை பேனரில் போட விரும்பினால், முதலில் அதிலுள்ள வாசகத்தை அவர்களுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லிக்கொடுப்போம். அல்லாஹ்வின் பெயர் தாங்கிய அவ்வாசகம் விழா முடிந்ததும் சாலையில் கிழிந்து மிதிபடும் துணியில் இருப்பது தகுமா என்று அவர்களே யோசிக்கட்டும். வார விடுமுறையில் மலைக்கோட்டைக்கு அழைத்துச் செல்லும்போது, பாறையில் பெயரைக் கீறாமல், இந்த மதிலின் மேல் எந்தெந்தக் கொடிகள் பறந்தன, யார் யாரெல்லாம் இதைக் காத்து நின்றார்கள் என்று சொல்லிக்கொடுப்போம். சர்ச்சை எழும்போது கோபப்படாமல் எடுத்துச் சொல்ல அவர்களிடம் செய்தி இருக்கும்.

அல்லாஹ் நன்கறிந்தவன்.